நாய்ஸ் எடுத்த பிறகு படம் கெட்டுப்போகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

நாய்ஸ் (படத்தில் தூவியது போலத் தெரியும் தேவையற்ற புள்ளிகள்) நீக்கும் மென்பொருளையும் ஷார்ப்பன் செய்யும் (விளிம்புகளைக் கூர்மையாக்கும்) மென்பொருளையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்யும். எடிட்டிங் வரிசைக்குள் அவற்றைக் கோக்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு மூலம் ஒன்றுதான்: ஒரே வேலை இரண்டு இடத்தில் நடந்திருக்கும், இல்லையென்றால் பின்னால் வரவேண்டியது முன்னால் நடந்திருக்கும்.

அடிப்படை வரிசை இது. ரா ஃபைலிலேயே (சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) நாய்ஸ் நீக்கம், பிறகு லென்ஸ் திருத்தமும் நிற விளிம்பு நீக்கமும், அதன்பின் வெளிச்சம், கலர், கறை நீக்கம், ரீடச். பிறகு தேவையான இடத்துக்கு மட்டும் ஷார்ப்பனிங். எல்லாம் முடிந்து படத்தின் அளவைக் குறைத்தபின், அந்த அளவுக்கான கடைசி ஷார்ப்பனிங்.

நாய்ஸ் ஏன் முதலில்? சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மீதி இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டு நிரப்புவது டீமொசைக். அதற்கு முன்னால் நாய்ஸ் பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பில்லாமல் சிதறிக் கிடக்கும். டீமொசைக் ஆனதும் ஒரு பிக்சலின் பிழை சுற்றியிருப்பவற்றிலும் ஊறி, திட்டுத் திட்டாகிவிடும். அந்தத் திட்டையும் உண்மையான விவரத்தையும் பிரித்தறிவது எந்த மென்பொருளுக்கும் கஷ்டம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். லைட்ரூம், கேமரா ரா போன்ற ரா எடிட்டிங் மென்பொருள்களில் சாதாரண ஸ்லைடர்களை எந்த வரிசையில் நகர்த்தினாலும் உள்ளே கணக்கு அதனதன் வரிசையில்தான் நடக்கும். ஷார்ப்பனிங் ஸ்லைடரை முதலில் தொட்டதால் எதுவும் கெட்டுவிடாது. புது ஃபைலை உருவாக்கும் ஏஐ நாய்ஸ் நீக்கம், வெளி மென்பொருளுக்குப் போய்த் திரும்புவது, ஃபோட்டோஷாப் பிக்சல் லேயர்கள் ஆகிய மூன்றில்தான் நீங்கள் செய்யும் வரிசை முக்கியம்.

எதையும் தொடும் முன்

படத்தை 100 சதவீதத்தில் பாருங்கள். திரைக்குள் முழுப்படமும் அடங்கும் அளவில் நாய்ஸைப் பற்றியோ ஷார்ப்னஸைப் பற்றியோ தீர்ப்புச் சொல்லக் கூடாது. 4கே லேப்டாப் திரையில் பிக்சல்கள் மிகச் சிறியவை. அங்கே 100 சதவீதத்தில்கூட அதிகப்படி ஷார்ப்பனிங் கண்ணில் படாமல் தப்பிவிடும். 200 சதவீதத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ராவா ஜேபெக்கா என்று பாருங்கள். கேமரா எழுதிய ஜேபெக்கில் நாய்ஸ் நீக்கமும் ஷார்ப்பனிங்கும் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். அதன்மேல் நீங்கள் செய்வது எல்லாமே இரண்டாவது சுற்று.

மூன்றாவது, நீங்கள் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகள். லைட்ரூம் ரா ஃபைலைத் திறந்ததுமே ஷார்ப்பனிங் அமவுண்ட் (எவ்வளவு கூர்மை) 40, ரேடியஸ் (விளிம்பைச் சுற்றி எவ்வளவு அகலம்) 1.0, டீடெய்ல் 25, நிறப் புள்ளிகளை நீக்கும் கலர் நாய்ஸ் 25 என்று தானாகவே போட்டுக்கொள்ளும். ஷார்ப்பனிங் எங்கே விழலாம் என்று கட்டுப்படுத்தும் மாஸ்கிங் மட்டும் 0. கேப்சர் ஒன் என்ற இன்னொரு ரா மென்பொருளில் நாய்ஸ் ஸ்லைடர்கள் 50இல் நிற்கும். அது அதன் சாதாரண நிலை, அதாவது நாய்ஸ் நீக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் செய்யாத படம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் அப்படி இருக்காது.

அறிகுறி: ஷார்ப்பன் செய்ததும் போன நாய்ஸ் திரும்ப வருகிறது

ஷார்ப்பனிங்குக்கு விளிம்பு எது, நாய்ஸ் எது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கூட்டுவதுதான் அதன் வேலை. வானம், சுவர், மங்கலான பின்னணி போன்ற வெற்றிடங்களில் வித்தியாசம் என்று இருப்பதே மிச்சமிருக்கும் நாய்ஸ்தான். அதைத்தான் அது பெரிதாக்குகிறது.

இதற்குத் தீர்வு மாஸ்கிங். அதை 0இலேயே விட்டுவிட்டு அமவுண்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

லைட்ரூமில் டீடெய்ல் பகுதியைத் திறந்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்கிங் ஸ்லைடரை இழுங்கள். மேக்கில் ஆப்ஷன் விசை. படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டுமே ஷார்ப்பனிங் விழும். ஸ்லைடர் 0இல் திரை முழுக்க வெள்ளை. 40ஐத் தாண்டும்போது வானம் கறுத்துவிடும், இலையும் கட்டட விளிம்பும் வெள்ளையாகவே நிற்கும். முகப்படத்தில் 70, 80 வரை போனால் கண்ணிமை, புருவம், உதட்டு ஓரம், தலைமுடி மட்டும் மிஞ்சும். கன்னத்தில் வெள்ளைப் பொட்டுகள் சிதறித் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். வெற்றிடம் முழுக்கக் கறுத்ததும் நிறுத்திவிடுங்கள்.

பிறகு டீடெய்ல் ஸ்லைடர். இது ஏற ஏற நுண்ணிய புள்ளிகளையும் கூர்மையாக்கத் தொடங்கும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பு) 3200க்கு மேல் எடுத்த படத்தில் இதை 15, 20க்குள் வைத்திருப்பது நல்லது. ஃபோட்டோஷாப்பின் அன்ஷார்ப் மாஸ்க்கில் இந்த வேலையைச் செய்வது த்ரெஷோல்ட். 0க்குப் பதில் 3 முதல் 5 வரை வைத்துப் பாருங்கள்.

டெக்ஸ்ச்சர், கிளாரிட்டி, டீஹேஸ் மூன்றும் வேறு பெயரில் வரும் ஷார்ப்பனிங்தான். டீஹேஸை 30க்கு ஏற்றிவிட்டு வானம் மணல் மணலாக இருக்கிறது என்று நாய்ஸ் மென்பொருளைக் குறை சொல்லக் கூடாது.

நிழலை ஏற்றியபின் மட்டும் நாய்ஸ் தெரிந்தால் காரணம் வேறு. ஒளியின் நாய்ஸ் ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 10,000 ஃபோட்டான் விழுந்த பிக்சலில் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டும் விழுந்த இருட்டுப் பிக்சலில் அது 10, அதாவது 10 சதவீதம். ஷேடோஸை ஏற்றினால் அந்த 10 சதவீதமும் சேர்ந்தே மேலே வரும். முழுப்படத்துக்கும் நாய்ஸ் நீக்கத்தைக் கூட்டாதீர்கள். நிழல் பகுதிக்கு மட்டும் லூமினன்ஸ் ரேஞ்ச் மாஸ்க் (வெளிச்ச அளவை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது) போட்டு, அதற்குள் நாய்ஸ் ஸ்லைடரைக் கூட்டி ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

அறிகுறி: முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிட்டது

முதல் சந்தேகம், இரட்டை நாய்ஸ் நீக்கம். ஏஐ ஒருமுறை எடுத்த பிறகும் லூமினன்ஸ் ஸ்லைடர் (லைட்ரூமின் சாதாரண நாய்ஸ் நீக்கம்) முன்பு சேமித்துவைத்த பழைய ப்ரீசெட்டால் 30இல் நிற்கலாம். 0 ஆக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் அளவு அதிகம். லைட்ரூமின் ஏஐ நாய்ஸ் நீக்கமான டீநாய்ஸ் 50இல் தொடங்கும். ஐஎஸ்ஓ 1600 அளவிலான படத்துக்கு 25, 30 போதும். ஐஎஸ்ஓ 12800க்குக்கூட 60ஐத் தாண்ட யோசிக்க வேண்டும். தானாக அளவு தேர்ந்தெடுக்கும் மென்பொருள்கள் சுத்தத்தையே குறியாக வைத்திருக்கும். தோலின் துவாரம் தெரியவேண்டும் என்ற கவலை உங்களுக்குத்தான்.

ஃபோட்டோஷாப்பில் இதற்குச் சுலபமான வழி, நாய்ஸ் நீக்கிய லேயரை மூலப் படத்தின்மேல் வைத்து ஒப்பாசிட்டியை 70 அல்லது 80 சதவீதமாக்குவது. கொஞ்சம் நாய்ஸ் திரும்ப வரும், வரட்டும். அச்சிலோ இணையத்திலோ அது தெரியாது, ஆனால் தோல் தோலாகத் தெரியும். மூலமே கைவசம் இல்லையென்றால் கிரெய்ன் (செயற்கையான நுண்புள்ளிகள்) 10 முதல் 15 வரை சேர்க்கலாம். போன விவரம் அதனால் திரும்பாது, பிளாஸ்டிக் தோற்றம் மட்டும் குறையும்.

உதட்டுச் சிவப்பு தோலுக்குள் கசிந்தாலோ, தூரத்து விளக்குகளின் நிறம் வெளுத்துச் சாம்பலானாலோ, கலர் நாய்ஸ் ஸ்லைடர்தான் குற்றவாளி. அதைக் குறையுங்கள், அல்லது அதன் கீழே உள்ள கலர் டீடெய்லை 50இலிருந்து 70, 80க்கு ஏற்றுங்கள்.

அறிகுறி: விளிம்பில் வெள்ளைக் கோடு

மலையும் வானமும் சேரும் இடம், வெளிச்சமான ஜன்னல் முன் நிற்பவரின் தோள் போன்ற இடங்களில் இது முதலில் வரும். மெல்லிய, கூரான கோடு என்றால் அமவுண்ட் அதிகம். அகலமாக, மென்மையாகப் பரவியிருந்தால் ரேடியஸ் அதிகம், அல்லது கிளாரிட்டி. இன்றைய 24 மெகாபிக்சல் ரா ஃபைலுக்கு ரேடியஸ் 0.7 முதல் 1.0 வரை போதும். இலை, புல் நிறைந்த இயற்கைக் காட்சிக்கு 0.5, 0.6 இன்னும் நன்றாக இருக்கும். முகப்படத்துக்கு மட்டும் 1.2, 1.4 வரை போகலாம், மாஸ்கிங் துணையோடு.

கோடு நிறமாக, அதாவது ஊதாவாகவோ பச்சையாகவோ இருந்தால் அது லென்ஸின் நிறப்பிறழ்ச்சி. ஷார்ப்பனிங் அதை ஊதிவிட்டிருக்கிறது. நிற விளிம்பு நீக்கத்தை முன்னால் செய்துவிட்டு வாருங்கள்.

ஃபோட்டோஷாப்பில் ஷார்ப்பன் செய்த லேயரின் பிளெண்ட் மோடை லூமினாசிட்டிக்கு மாற்றினால் நிறம் தொடப்படாது. வெள்ளைக் கோட்டை மட்டும் அடக்க பிளெண்ட் இஃப் இருக்கிறது. லேயர் ஸ்டைலைத் திறந்து, திஸ் லேயர் பட்டையின் வலது முனை முக்கோணத்தை ஆல்ட் அழுத்திப் பிளந்து, இடது பாதியை 200க்கும் வலது பாதியை 245க்கும் இழுங்கள். வெளிச்சமான பக்கத்தில் ஷார்ப்பனிங் படிப்படியாக மங்கிவிடும், இருண்ட பக்கம் அப்படியே நிற்கும். கண்ணுக்கு வெள்ளைக் கோடுதான் உறுத்தும், கறுப்புக் கோட்டை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

அறிகுறி: வெளி மென்பொருளுக்குப் போய்த் திரும்பிய படம் சரியில்லை

இதில் நான்கு விதம் உண்டு. எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, நாய்ஸ் சரியாகவே போகவில்லை. லைட்ரூமில் எடிட் இன் வழியாக அனுப்பினால் போவது டிஃப் ஃபைல். டீமொசைக் முடிந்து, லைட்ரூமின் 40 அளவு ஷார்ப்பனிங்கும் ஏறிய படம் அது. ஷார்ப்பன் ஆன நாய்ஸைப் பார்த்த ஏஐ அதை விவரம் என்று நம்பி இன்னும் செதுக்கிவைக்கும். ரா ஃபைலையே அனுப்பும் வழி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். டோபாஸ் என்ற நாய்ஸ் மென்பொருளுக்கு லைட்ரூமின் ஃபைல் மெனுவில் உள்ள பிளக்-இன் எக்ஸ்ட்ராஸ் வழியாகப் போனால் ரா போய் டிஎன்ஜி (ராவைப் போலவே திறக்கும் ஃபைல் வகை) திரும்பும். டிஎக்ஸ்ஓ ப்யூர்ரா என்ற மென்பொருள் வேலை செய்வதே ராவில்தான். டிஃப்பாகத்தான் அனுப்ப முடியும் என்றால் அனுப்பும் முன் ஷார்ப்பனிங் அமவுண்ட், லூமினன்ஸ், டெக்ஸ்ச்சர், கிளாரிட்டி எல்லாவற்றையும் 0 ஆக்குங்கள். 16 பிட்டாக அனுப்புங்கள், 8 பிட் வேண்டாம்.

இரண்டு, திரும்பிய டிஎன்ஜி மொறமொறவென்று அதிகக் கூர்மையாக இருக்கிறது. அங்கே, வெளி மென்பொருளில், லென்ஸ் ஷார்ப்னஸ் (லென்ஸின் மென்மையை ஈடுகட்டும் கூர்மை) ஒருமுறை ஏறியிருக்கிறது, இங்கே லைட்ரூம் புது ரா வந்ததாக நினைத்து 40ஐ மறுபடி போட்டிருக்கிறது. ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டும். அங்கே லென்ஸ் ஷார்ப்னஸை மிகக் குறைந்த நிலையில் வைத்து, இங்கே அமவுண்டை 0 முதல் 15க்குள் வைப்பது பெரும்பாலான படங்களுக்குப் பொருந்தும். லென்ஸ் வளைவுத் திருத்தத்துக்கும் இதே விதிதான். அங்கே செய்தாகிவிட்டது என்றால் இங்கே ப்ரொஃபைல் திருத்தத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேர்கோடு எதிர்ப்பக்கம் வளையும்.

மூன்று, வெளிச்சமும் கலரும் மாறிவிட்டன. பல நேரங்களில் நாய்ஸ் மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புது டிஎன்ஜி உங்கள் எடிட் இல்லாமல் இறக்குமதி அமைப்புகளோடு வந்திருக்கும், கேமரா ப்ரொஃபைலும் மாறியிருக்கலாம். முதலில் ப்ரொஃபைலை மூலத்தில் இருந்ததற்கே மாற்றுங்கள். பிறகு மூலத்திலிருந்து அமைப்புகளை நகலெடுத்து ஒட்டுங்கள். ஒட்டும்போது ஷார்ப்பனிங், நாய்ஸ், லென்ஸ் திருத்தம் மூன்றின் டிக்கையும் எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் நேராக இரண்டாவது கோளாறுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

நான்கு, ஃபைல் மூன்று மடங்கு வீங்கிவிட்டது. இது கோளாறே இல்லை. மூல ராவில் பிக்சலுக்கு ஒரு எண், டீமொசைக் ஆன லீனியர் டிஎன்ஜியில் பிக்சலுக்கு மூன்று எண். அதனால்தான் எடுத்த எல்லாப் படத்தையும் மொத்தமாக ஓட்டாமல், தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும் ஓட்டுவது புத்திசாலித்தனம். லைட்ரூமின் சமீபத்திய பதிப்புகளில் அதன் சொந்த டீநாய்ஸ் தனி டிஎன்ஜி உருவாக்காமலே வேலை செய்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை.

அறிகுறி: ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிகிறது

ஹீலிங் (கறையை வேறு இடத்துப் பிக்சல்களால் மூடுவது) செய்து முடித்தபின் கீழேயுள்ள லேயரில் மட்டும் நாய்ஸ் எடுத்தால், சுற்றிலும் வழுவழுப்பாகவும் ஒட்டிய இடம் மட்டும் சொரசொரப்பாகவும் நிற்கும். ஒட்டிய பிக்சல்கள் பழைய, நாய்ஸ் உள்ள படத்திலிருந்து வந்தவை அல்லவா? நாய்ஸை எடுத்துவிட்டு மறுபடி ஹீல் செய்வதுதான் உருப்படியான வழி. நேரம் இல்லையென்றால், ஒட்டிய லேயருக்கு மட்டும் லேசாக நாய்ஸ் நீக்கம் கொடுத்துப் பொருத்தலாம்.

பனோரமா, எச்டிஆர், ஃபோகஸ் ஸ்டாக் எனப் பல படங்களை ஒன்றாக இணைக்கும் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். ஒவ்வொரு ராவிலும் ஒரே அளவில் நாய்ஸ் எடுத்துவிட்டு, பிறகு இணையுங்கள். தானியங்கி அளவை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு அளவு போட்டால் தையல் தெரியும்.

அறிகுறி: வானத்தில் படி படியாகப் பட்டை

நாய்ஸ் எடுப்பதற்கு முன் இல்லாத பட்டை எடுத்தபின் வருகிறது. லேசான நாய்ஸ் இரண்டு நிற அளவுகளுக்கிடையே உள்ள எல்லையைக் கலைத்து மறைத்துக்கொண்டிருந்தது. அது போனதும் 8 பிட்டின் 256 படிகள் வெளியே தெரிகின்றன. எடிட்டிங் முழுவதையும் 16 பிட்டில் வைத்திருங்கள். ஜேபெக் எழுதும்போது எப்படியும் 8 பிட்டுக்கு வரத்தான் வேண்டும். அதற்கு முன் வானத்துக்கு மட்டும் மிக லேசான கிரெய்ன் சேர்த்துவிட்டால் பட்டை மறையும். எடுத்த நாய்ஸைத் திரும்பப் போடுவது வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. ஜேபெக் தரத்தை 90க்குக் கீழே இறக்க வேண்டாம்.

அறிகுறி: இலைகளில் புழு நெளிவது போல ஒரு வடிவம்

ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சார் ரா ஃபைலில் வருவது இது. அந்தச் சென்சாரின் நிற அடுக்கு மற்றவற்றைப் போல 2×2 அல்ல, 6×6. சாதாரண டீமொசைக்கும் அதிக ஷார்ப்பனிங்கும் சேர்ந்தால் நெளிவு தலைகாட்டும். டீடெய்லை 10க்குக் கீழே, அமவுண்டை 30க்குள் இறக்குங்கள். போதவில்லையென்றால் லைட்ரூமின் என்ஹான்ஸில் ரா டீடெய்ல்ஸ் அல்லது டீநாய்ஸ் ஓட்டினால் டீமொசைக்கே வேறு முறையில் நடக்கும், நெளிவு பெரும்பாலும் போய்விடும். கேப்சர் ஒன்னில் இது குறைவு.

அறிகுறி: படத்தில் இல்லாதது முளைக்கிறது

தூரத்துப் பெயர்ப்பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து, கூட்டத்தின் பின்வரிசையில் யாருடையதும் அல்லாத முகம், துணியில் திடீரென்று ஒரு நெசவு. போதிய தகவல் இல்லாத இடத்தை ஏஐ தன் ஊகத்தால் நிரப்புகிறது. முகத்தை மீட்கும் வசதி தானாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து அணையுங்கள். அளவைக் குறையுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஃபோட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் போட்டு, முகம், எழுத்து இருக்கும் இடங்களில் மூலப் படத்தை வெளியே கொண்டுவாருங்கள். செய்திப்படம், ஆவணப்படம், போட்டிக்கு அனுப்பும் படம் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அறிகுறி: கணினியில் நன்றாக இருந்தது, இணையத்தில் ஏற்றியதும் மங்கல்

6000 பிக்சல் அகலப் படத்தை 2000க்குக் குறைத்தால் 9 பிக்சல் சேர்ந்து 1 ஆகிறது. சிதறலான நாய்ஸ் அதனாலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். இணையத்துக்கு மட்டும் போகும் படத்துக்கு நாய்ஸை விழுந்து விழுந்து எடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஆனால் நீங்கள் செய்த நுண்ணிய ஷார்ப்பனிங்கும் அதே கணக்கில் கரைந்துவிடும். எனவே அளவைக் குறைத்தபின் இன்னொரு முறை தேவை. லைட்ரூம் எக்ஸ்போர்ட்டில் அவுட்புட் ஷார்ப்பனிங்கை ஸ்கிரீன், ஸ்டாண்டர்ட் என்று வையுங்கள். ஃபோட்டோஷாப்பில் பைகியூபிக் ஷார்ப்பர் முறையில் சிறிதாக்கினால் அதிலேயே ஷார்ப்பனிங் சேர்ந்துவிடும், தனியாக வேண்டாம். தளம் காட்டும் அகலத்துக்கே சரியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெரிதாகக் கொடுத்தால் தளம் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும்.

அச்சுக்கு வேறு கணக்கு. மேட் தாளில் மை ஊறிப் பரவும், அதனால் பளபளப்புத் தாளைவிட ஷார்ப்பனிங் கூடுதலாக வேண்டும். அச்சுக்குத் தயாரான ஃபைல் திரையில் 100 சதவீதத்தில் கொஞ்சம் முரடாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அறிகுறி: என்ன செய்தாலும் ஷார்ப்னஸ் வரவில்லை

படத்தில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியைத் தேடி 200 சதவீதத்தில் பாருங்கள். கண்ணில் விழும் ஒளியின் பிரதிபலிப்பு, பனித்துளி, தெருவிளக்கு எதுவானாலும் சரி. புள்ளி ஒரு கோடாக நீண்டு, படம் முழுக்க அதே திசையில் இருந்தால் கை ஆடியிருக்கிறது. நகர்ந்த ஆள் மட்டும் நீண்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. புள்ளி வட்டமாக ஊதியிருந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எஃப்/16, எஃப்/22 போன்ற சிறிய லென்ஸ் துவாரத்தில் எடுத்து எல்லாமே ஒரே மாதிரி லேசாக மென்மையாக இருந்தால், அது ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன்.

இவற்றில் டிஃப்ராக்‌ஷனும் லேசான லென்ஸ் மென்மையும் நன்றாகவே சரியாகும். ரா தெரபி மென்பொருளின் கேப்சர் ஷார்ப்பனிங் போன்ற, மங்கலைக் கணக்கிட்டுத் திருப்பும் டீகன்வல்யூஷன் கருவிகள் அதற்கென்றே உள்ளவை. லேசான கை ஆட்டத்தை ஏஐ ஓரளவு மீட்கும், ஆனால் மோஷன் பிளர், ஃபோகஸ் பிழை ஆகியவற்றுக்குத் தனித்தனி மாடல் இருந்தால் சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் விளிம்புகள் இரட்டையாகும். ஃபோகஸ் முற்றிலும் தவறிய முகத்தை விட்டுவிடுங்கள். வெயில் நேரத்தில் நீண்ட லென்ஸில் தூரத்துப் பொருளை எடுத்தபோது அலையடித்த காற்றுக்கும் மருந்து கிடையாது.

அறிகுறி: ஓடவே மாட்டேன் என்கிறது, அல்லது பாதியில் நிற்கிறது

ஏஐ நாய்ஸ் நீக்கத்தின் வேகம் கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தது. 8 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் இருந்தால் நிம்மதி. லேப்டாப்பில் இரண்டு கார்டு இருந்தால் மென்பொருள் சின்னக் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று விருப்ப அமைப்புகளில் பாருங்கள். மின்சாரத்தில் செருகிவைத்து ஓட்டுங்கள், பிரவுசரையும் ஃபோட்டோஷாப்பையும் மூடிவிடுங்கள். வெளியீட்டில் கறுப்புச் சதுரங்களோ பச்சைத் திட்டுகளோ வந்தால், அதே படத்தை ஒருமுறை சிபியு மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். நேரம் எடுக்கும். அதில் படம் சுத்தமாக வந்தால் ஃபைலிலும் மென்பொருளிலும் கோளாறில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், அதைப் புதுப்பித்த பிறகுதான் கோளாறே தொடங்கியது என்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள்.